பக்கத்துல நின்னு சொல்லித்தர ஒரு ஆள் வேணும்: மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க.

என் தம்பிக்கு 27 வயசு, டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வர்ற அறிவுசார் குறைபாடு. ஸ்கூல் முடிச்ச நாள்லேர்ந்து ஒன்பது வருஷமா தொழிற்பயிற்சிக்குத்தான் போறான், மெழுகுவர்த்தி, பேப்பர் கவர், மிதியடினு. எதுக்கு இவ்வளவு வருஷம் பயிற்சினு யாரும் கேக்கல, நாங்களும் கேக்கல, பகல்ல போக ஒரு இடமாச்சும் இருக்கேனு விட்டுட்டோம்.

போன வருஷம் ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல சேத்தோம். மொத ரெண்டு மாசம் அருமையா போச்சு, ஏன்னா பில் போடற ஒரு அக்கா கூடவே நின்னு, பிஸ்கட் எந்த ரேக்கு சோப்பு எந்த ரேக்குனு படம் வரைஞ்சு ஒட்டி, பழைய சரக்கு முன்னாடி புதுசு பின்னாடினு கையப் புடிச்சு சொல்லித் தந்தாங்க, அவனும் அத அப்படியே புடிச்சுக்கிட்டான். அப்புறம் அவங்க வேற கிளைக்குப் போயிட்டாங்க. புதுசா வந்த சூப்பர்வைசர் ஒரே மூச்சுல நாலு வேலை சொல்வார், இவன் திகைச்சுப் போய் நிப்பான், மூணே வாரத்துல "நாளைலேர்ந்து அனுப்ப வேணாம்"னு ஃபோன். அதுக்கப்புறமும் ஒரு வாரம் காலைல எட்டு மணிக்கு யூனிஃபார்ம் போட்டுட்டு வாசல்ல நின்னான்ங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அரசு வேலைக்கு 4 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. அதுல 1 சதவீதம்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை குறைபாடு எல்லாருக்கும் சேத்து. ஆனா எழுத்துத் தேர்வுனு ஒரு கதவு வச்சா என் தம்பி மாதிரி பிள்ளைங்க அதத் தாண்டி எப்படி வருவாங்க? தனியார்ல வேலையாட்கள்ல 5 சதவீதமாச்சும் மாற்றுத்திறனாளிங்கள எடுக்கறவங்களுக்கு சலுகை தரணும்னு பிரிவு 35 சொல்லுது, நல்லது, ஆனா முதலாளிக்கு சலுகை குடுத்தா மட்டும் ரேக்கு பக்கத்துல நின்னு யாரு சொல்லித் தருவா?

அந்த அக்கா செஞ்சாங்களே, அத ஒரு உத்தியோகமா ஆக்குங்க. ஜாப் கோச்னு சொல்றாங்க. மொத மூணு மாசம் கூடவே நிக்கணும், அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாக்கணும், சூப்பர்வைசர் மாறினா மறுபடி வரணும், சம்பளம் அரசு தரணும். ஆளுக்குப் பஞ்சமில்ல, சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்கற பல்வகை குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனத்துலேர்ந்து மட்டும் எத்தனை பேர் சிறப்புக் கல்வி படிச்சுட்டு வெளிய வர்றாங்க. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல தம்பி போற மாதிரி மாற்றுத்திறனாளிங்களுக்குன்னே இருந்த தனிப் பட்டறைங்கள 2002க்குள்ளயே மூடிட்டு, எல்லாரோடயும் சேந்து வேலை பாக்கறதுக்குத்தான் காசு செலவு பண்றாங்க.

இன்னொண்ணு, மாசம் 2000 ரூபா உதவித்தொகை. சம்பளம் வந்தா அது நின்னுடுமோனு பயந்தே வேலைக்கு அனுப்பாத வீடுங்கள எனக்குத் தெரியும். நிக்காதுனு தெளிவா எழுத்துல குடுங்க, வேலை போனாலும் மறுபடி அலைய விடாதீங்க.

ஒரு மாவட்டத்துல ஆரம்பிச்சாக்கூட போதும். எங்க அம்மாவுக்கு 61 ஆகுது, கொஞ்சம் சீக்கிரமா பாருங்க.

இப்படிக்கு,
ஒரு அக்கா