சாலாவுக்கு ஆத்தா எழுதுவது

சாலா,

எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டதாகச் சின்னாத்தா உன்னிடம் போனில் அழுதாளாமே. அது பக்கவாதம் இல்லை. நன்றாக இருக்கிறேன், இதை நானேதான் தட்டுகிறேன். நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், இதில் பாதி உனக்கும் வேண்டிய விஷயம்.

சர்க்கரை இருக்கிறவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதால் போட்டுக்கொண்டேன். இரவு கை வலி, லேசான காய்ச்சல், சரியாகத் தூக்கமில்லை. மறுநாள் உனக்கு அனுப்பச் சீப்புச்சீடை சுற்றிக்கொண்டிருந்தபோது கண்ணில் ஒரு வெளிச்சம், ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது. அது அடங்குவதற்குள் வலது கை விரல் நுனி மரத்து, மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி உதடு வரைக்கும் வந்துவிட்டது, அப்பச்சியைக் கூப்பிட வாயைத் திறந்தால் பேச்சு குழறுகிறது. வளவில் இருந்தவர்கள் வாயு, கண்ணேறு, ஊசிதான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பச்சி யாரையும் கேட்காமல் 108-க்குப் போன் போட்டார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. அப்புறம் பிடித்தது பார் தலைவலி, இடது பக்கம் மட்டும், வாந்தியோடு! சர்க்கரை பார்த்தார்கள், அது குறைந்தாலும் இப்படி ஆகுமாம். சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டிலும் ஒன்றுமில்லை. ஆராவோடு வரும் மைக்ரேன், நம் ஒற்றைத் தலைவலிதான் என்றார் நரம்பு டாக்டர். தலைவலிக்கு முன்னால் வந்த அந்த வெளிச்சம், மரப்பு, குழறல் இதற்குத்தான் ஆரா என்று பேராம். பக்கவாதம் பெரும்பாலும் சட்டென்று வரும், இது இடம்விட்டு இடம் நகர்ந்து வந்து, ஒவ்வொன்றும் பொதுவாக 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். ஆனால் வீட்டில் இருந்துகொண்டு இதுவா அதுவா என்று யாரும் தீர்மானிக்க முடியாது. ரத்தக்கட்டி அடைத்த பக்கவாதமாக இருந்தால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தானாகச் சரியானாலும் அது மூளை ரத்தக்குழாயில் வந்த தற்காலிக அடைப்பாக இருந்து, அடுத்த சில நாளில் பெரிதாக வரலாம்.

ஊசியாலா என்று கேட்டேன். காய்ச்சலும் தூக்கம் கெட்டதும் மைக்ரேனைக் கிளப்பிவிடலாம், ஆனால் ஒருவருக்கு ஒரு தடவை வந்ததை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அது நியாயமான பதிலாகத்தான் பட்டது. சின்னாத்தா கொரோனாவுக்குப் போட்ட கோவிஷீல்டு ஊசியின் ரத்தக்கட்டிக் கதையை எடுத்தாள். அது வேறு ஊசி, வேறு நோய், மிக அபூர்வம், அதில் ரத்தத்தில் தட்டணுக்களும் (பிளேட்லெட்) குறையும். எனக்கு அதையும் பார்த்துவிட்டார்கள், சரியாக இருக்கிறது. டாக்டர் சரி என்றால் அடுத்த வருஷமும் போட்டுக்கொள்வேன், நடந்ததைச் சொல்லிவிட்டு.

இப்போது உன் விஷயம். ஆயா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுத்திருப்பார்களே, அதுவும் இதேதான், குடும்பத்தில் ஓடுவது. நீயும் பரீட்சை சமயத்தில் கண்ணில் வெளிச்சம் நெளிகிறது என்பாய். அது ஆராவாக இருந்தால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் கோபித்துக்கொள்வாய். அங்கே டாக்டரிடம் சொல், மாற்று வழிகள் இருக்கின்றன.

மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, வாய் கோணினாலோ கை தொங்கினாலோ பேச்சு குழறினாலோ மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். டாக்டரிடம் எப்போது போகிறாய் என்று இந்த வாரமே எனக்குச் சொல்.

ஆத்தா