தேர்வு எழுத ஒரு கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் சமூகத்துக்கு என்னென்ன செய்யலாம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையை, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான என் திரைவாசிப்பான் படித்துக் காட்டியது. ரத்ததானம், மரம் நடுதல், துப்புரவுப் பணி என்று நல்ல வேலைகள் பல அதில் இருந்தன. ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டாமலே செய்யக்கூடிய, ஆள் கிடைக்காமல் எங்களைப் போன்றவர்கள் தவிக்கிற ஒரு வேலை விடுபட்டுவிட்டது. நான் பிறவியிலேயே பார்வையற்றவன். பள்ளி முதல் முனைவர் பட்டம் வரை, நான் சொல்லச் சொல்லப் பிறர் எழுதித்தான் தேர்வுகளில் தேறினேன். இப்போது கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன்.

நான் சொல்வது ஸ்கிரைப் வேலையை, அதாவது தேர்வர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதித் தரும் வேலையை. பல தேர்வு அமைப்புகள், எழுதுபவர் தேர்வரைவிடக் குறைந்த வகுப்பில் படிப்பவராகவோ வேறு பாடத்தைச் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் மூன்றாமாண்டு மாணவருக்கு எழுத மிகப் பொருத்தமானவர் முதலாண்டு மாணவர்தான். 'எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாதே' என்று தயங்குகிறவரைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கையெழுத்து நன்றாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம் வாசிப்பு. வினாத்தாளின் தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும். 'எவையேனும் ஐந்தனுக்கு விடையளி' என்ற வரியை விட்டுவிட்டால் எட்டுக்கும் விடை சொல்லி நேரத்தைத் தொலைப்போம். இரண்டு கேள்விகளுக்கு நடுவே இருக்கும் 'அல்லது' கண்ணுள்ளவருக்குச் சின்னச் சொல். எங்களுக்குப் பத்து மதிப்பெண். அட்டவணை வந்தால் முதலில் எத்தனை வரிசை, எத்தனை பத்தி, தலைப்புகள் என்ன என்று சொல்லிவிட்டுத்தான் எண்களுக்குள் போக வேண்டும்.

எனக்கு எழுதிய ஒரு முதலாண்டு மாணவி, படம் வரும்போதெல்லாம் "வட்டம் ஒன்று, அதிலிருந்து மூன்று அம்புக்குறி, முதல் அம்பு மேலே போகிறது" என்று ஆரம்பிப்பார். அவர் சொல்லி முடிக்கும்போது அந்தப் படம் என் மனதில் இருக்கும். நான் யோசிக்கும்போது அவர் பேசவே மாட்டார். நான் சொன்ன விடை தவறென்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் அவர் குரல் அதைக் காட்டியதில்லை. தேர்வு என்னுடையது, அதில் வரும் தவறும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தராமலே புரிந்துகொண்டிருந்தார். தேர்வுக்கு முன்பே ஒருமுறை வந்து பழைய வினாத்தாளை வைத்து என் பேச்சு வேகத்துக்குக் கையைப் பழக்கிக்கொண்டார். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அன்று காலையில் கைபேசியை அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒருவர் வராமல் போனால் அந்தத் தேர்வரின் ஓராண்டே வீணாகலாம். முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவதுகூட எங்களுக்கு உதவிதான்.

தேர்வில்லாத மாதங்களிலும் வேலை இருக்கிறது. வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களாக வரும் பாடநூல்கள் திரைவாசிப்பானுக்கு வெறும் படங்கள். ஓர் எழுத்தையும் அது படிக்காது. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் இட்டு எடுத்தாலும், தமிழில் பிழைகள் மலிந்திருக்கும். உட்கார்ந்து வரிவரியாகத் திருத்த ஒருவர் வேண்டும். இதில் பதிப்புரிமை பற்றிய தயக்கம் பலருக்கு உண்டு. 2013இல் ஏற்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தம், பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றுவதற்குச் சட்டத்தில் இடம் தரும்படி உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. கல்லூரி நூலகரிடம் கேட்டால் உங்கள் நாட்டில் என்ன விதி என்று சொல்வார்.

கைபேசி மட்டுமே கையிலிருக்கும் மாணவருக்கு 'பி மை ஐஸ்' செயலி இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த, பார்வைக் குறைபாடுள்ள ஹான்ஸ் யோர்கன் விபர்க் தொடங்கியது, 2015இல் வெளிவந்தது. பார்வையற்றவர் காணொலியில் அழைப்பார். மருந்துப் பெட்டியில் காலாவதித் தேதி என்ன என்று கேட்பார். நீங்கள் படித்துச் சொன்னால் அழைப்பு முடிந்துவிடும். உதவி எப்போதும் ஒருபக்கமாக மட்டும் வருகிறது என்றும் எண்ண வேண்டாம். இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவை 2006இல் உருவாக்கத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன்.

ஒரு வேண்டுகோள். எங்களுக்கு உதவும்போது படமெடுத்துப் போடாதீர்கள். கேட்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடக்கவும் வேண்டாம். "என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள், நாங்கள் சொல்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, இக்கடிதத்தைத் தேர்வுக் காலம் தொடங்குவதற்கு முன்பே வெளியிட வேண்டுகிறேன். படிக்கும் மாணவர்கள் தங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில், ஸ்கிரைப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டுப் பெயரைக் கொடுக்கட்டும். பட்டியலே இல்லையென்றால், முதல் பெயராகத் தங்கள் பெயரை எழுதித் தொடங்கிவைக்கட்டும்.

இப்படிக்கு,
பார்வையற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்