மால்குடிக்கு அழைத்துச் செல்லும் பயண முகவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து கர்நாடகச் சுற்றுலா நடத்தும் முகவர்களுக்கு வணக்கம்.

எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் தம் ஆங்கிலக் கதைகளுக்காகக் கற்பனையில் படைத்த ஊர் மால்குடி. ‘ஆர்.கே. நாராயண் வாழ்ந்த உண்மையான மால்குடி’ என்று கர்நாடக மலையூரான ஆகும்பேயைத் துண்டுப்பிரசுரத்தில் போடாதீர்கள். அந்த வரியை நம்பித்தான் சென்ற ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துப் போனேன். கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன், திருச்சியில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தக் கதைகளின் தொடரான ‘மால்குடி டேஸ்’ பார்த்தவர். எல். வைத்தியநாதனின் முகப்பிசையை இன்றும் சமைக்கும்போது முணுமுணுப்பார்.

ஆகும்பேயில் இறங்கியதும் அவர் கேட்டது, “ஸ்டேஷன் எங்கே?”

அந்த ஊரில் ரயிலே கிடையாது. தொடரின் ரயில் நிலையக் காட்சிகளை எடுத்த இடம், அதே சிவமொக்கா மாவட்டத்து அரசாளு. அங்கிருந்த பழைய கட்டடம் 2020இல் மால்குடி அருங்காட்சியகமாகவும் ஆகிவிட்டது. உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? பயணத் திட்டத்தில் அரசாளு இல்லை. 1930இல் நாராயணின் மனத்தில் முதலில் தோன்றியதே ஒரு ரயில் நிலையம்தான். ஊர் அப்புறம்தான் வந்தது. அந்த ஸ்டேஷனைத் தேடி வந்த அம்மா நடுத்தெருவில் குடையோடு நின்றார்.

குடையும் பெயருக்குத்தான். ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சிங்கப்பூரைப் போல மூன்று மடங்கு. அது கொட்டத் தொடங்குவதே ஜூனில். சூரியன் மறைவதைப் பார்க்கும் முனையில் எதிரே நின்றவர் முகம்கூடத் தெரியவில்லை. அறைக்குத் திரும்பியபோது அம்மாவின் சேலைக் கரையில் ரத்தம். கணுக்காலில் மூன்று அட்டைகள் ஊறிப் பருத்திருந்தன. நான் உப்புக்கு ஓடினேன். “உன் மேல் தப்பில்லை” என்றார் அம்மா. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வழிகாட்டியோ, பெங்களூரின் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் ஒட்டவைத்த பெயர்தான் மால்குடி என்று பஸ்ஸிலேயே கதையை முடித்துவிட்டார். அந்தப் பெயர் ரயில் நிலையத்தோடு சேர்ந்தே மனத்தில் உதித்ததாக நாராயணே சொல்லியிருக்கிறார். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்தவர் அவர்; அவருடைய மால்குடியில் சரயு ஓடுகிறது. ஆகும்பேயில் அந்த ஆற்றை எங்கே காட்டுவீர்கள்? கற்பனை ஊர் என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமா? தொடரின் இயக்குநர் ஷங்கர் நாக் அந்தத் தெருக்களையே மால்குடியாக்கிக் காட்டினாரே, அதைச் சொன்னாலே நாங்கள் ஆசையோடு வருவோமே. தேநீர்க்கடைக்காரர்கூட, “இங்கே படம் எடுத்தார்கள், அவ்வளவுதான்” என்று நேர்மையாகச் சொன்னார். எங்களிடம் பணம் வாங்கியவர்கள் சொல்லவில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். டிசம்பர் விடுமுறைக்கான பிரசுரத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், ‘உண்மையான மால்குடி’ என்பதை நீக்கிவிட்டு, ‘தொடரின் படப்பிடிப்பு நடந்த ஊர்’ என்று தயவுசெய்து போடுங்கள். ஜூன் பயணம் என்றால் மழையையும் அட்டையையும் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். அரசாளுவையும் சேருங்கள். ஸ்டேஷன் இருந்தால் இன்னொரு முறை வருவதாக அம்மா சொல்கிறார்.