நிலத்தடி நீர்மட்டத்தையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைத் தங்கள் நாளிதழ் நாள்தவறாமல் வெளியிட்டு வருகிறது. காலையில் நாளிதழைப் பிரித்ததும் அந்தச் சிறு கட்டத்தைத் தேடிப் படிக்கும் வாசகர்களில் நானும் ஒருவன். அணை நிரம்பினால் முதல் பக்கத்தில் படம் வருகிறது. வறண்டால் தலையங்கமே வருகிறது. கிணறுகளின் நீர்மட்டத்துக்கு மட்டும் எங்கும் இடம் இல்லை. அந்த இடத்தைக் கேட்டுத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உலகில் உள்ள மொத்த நீரில் நன்னீர் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. ஏறக்குறைய 30 விழுக்காடு நிலத்துக்கு அடியில் இருக்கிறது. நாம் கண்ணால் காணும் ஏரிகளையும் ஆறுகளையும் சேர்த்துக் கூட்டினாலும் நன்னீரில் அரை விழுக்காடு தேறாது. வீட்டுத் தேவைக்காக உலகெங்கும் எடுக்கப்படும் நீரில் ஏறத்தாழப் பாதியும், பாசனத்துக்கு எடுக்கப்படும் நீரில் நான்கில் ஒரு பங்கும் நிலத்தடி நீரே என்று ஐக்கிய நாடுகள் அவையின் 2022ஆம் ஆண்டு உலக நீர் வளர்ச்சி அறிக்கை கூறுகிறது. அப்படியிருக்க, அரை விழுக்காட்டுக்கு நாள்தோறும் கணக்கு எழுதிவிட்டு முப்பது விழுக்காட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்ன முறை என்று எனக்கு விளங்கவில்லை.

கணக்கில்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் ஒளிப்படம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், அந்நாட்டு நிலவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜோசப் போலந்து என்பவர் 1977ஆம் ஆண்டில் ஓர் உயரமான கம்பத்தின் அடியில் நிற்கிறார். அவர் கால்மாட்டில் 1977 என்றும், தலைக்கு மேலே 1955 என்றும், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் 1925 என்றும் எழுதிய பலகைகள் கம்பத்தில் பொருத்தப்பட்டுள்ளன. அந்தந்த ஆண்டில் தரை இருந்த உயரம் அது. பாசனத்துக்காக நிலத்தடி நீரை இறைத்ததால், அரை நூற்றாண்டில் அவ்விடத்தில் நிலம் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் கீழே இறங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மணலும் சரளையும் கொண்ட அடுக்கிலிருந்து நீரை எடுத்தால், அடுத்த நல்ல மழையில் அது மீண்டும் நிரம்பலாம். களிமண் அடுக்கு அப்படிப்பட்டதன்று. அதன் துகள்களுக்கு இடையே இருக்கும் நீரின் அழுத்தம்தான் மேலே உள்ள பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கி நிற்கிறது. நீர் போனதும் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திப் படிந்துவிடுகின்றன. அதன்பின் எத்தனை மழை பெய்தாலும், எத்தனை உறிஞ்சு குழிகள் தோண்டினாலும், நசுங்கிய அந்த இடம் பழையபடி விரிவதில்லை. அங்கே தீர்ந்துபோனது நீர் மட்டுமன்று, நீரைத் தேக்கி வைக்கும் இடமும்தான். அணையில் வண்டல் படிந்தால் தூர்வாரலாம். இதைத் தூர்வார வழியே இல்லை.

குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் துலக்காதீர்கள் என்னும் அறிவுரை நல்லதுதான். நானும் அதைப் பின்பற்றுகிறேன். ஆனால், மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்கே செல்கிறது. அங்கே சொட்டுநீர்ப் பாசனம் ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்பதுபோல் பேசப்படுகிறது. சொட்டுநீர் முறையை நான் குறை கூறவில்லை. வாய்க்காலில் பாயும்போது மண்ணுக்குள் இறங்கி ‘வீணாகும்’ நீரில் ஒரு பகுதி பக்கத்து வயல் கிணற்றில் ஊறுகிறது என்பதையும், மிச்சப்பட்ட நீரைக் கொண்டு அதே உழவர் இன்னும் கொஞ்சம் நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவந்தால் மொத்தச் செலவு குறையாமல் கூடவும் செய்யலாம் என்பதையும் கருத வேண்டும் என்கிறேன். நீர் உண்மையில் மிச்சமாயிற்றா என்பதை மோட்டார் ஓடிய நேரத்தைக் கொண்டு சொல்ல முடியாது. அக்கம்பக்கக் கிணறுகளின் மட்டத்தைக் கொண்டுதான் சொல்ல முடியும்.

அளப்பது பெரிய வித்தையும் அன்று. கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, கல் நீருக்குள் மூழ்கியதும் கிணற்று விளிம்பு தொடும் இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்து, பிடித்த இடத்திலிருந்து நனைந்த பகுதி தொடங்கும் இடம் வரை முழம் போடுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நீரியல் வல்லுநர்கள் எஃகு அளவு நாடாவில் சுண்ணக்கட்டியைத் தடவி இறக்கி, சுண்ணத்தின் நிறம் மாறிய இடத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும் அதே முறைதான். இரவெல்லாம் ஊறிய பிறகு, காலையில் மோட்டாரைப் போடுவதற்கு முன்பே அளக்க வேண்டும் என்பது ஒன்றே கட்டாயம். இரட்டைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு நிலத்தடி நீரின் எடை மாற்றத்தை வானிலிருந்தே கணிக்கும் பணி 2002இல் தொடங்கியது. அது வியக்கத்தக்க சாதனை. ஆயினும், பல நூறு கிலோமீட்டர் பரப்புக்குச் சேர்த்துத்தான் அந்தக் கணிப்பு செல்லும். ஓர் ஊரின் கிணறுகள் எப்படி இருக்கின்றன என்பதை அது சொல்லாது.

எனவே, அணைகளின் கட்டத்துக்குக் கீழே வாரம் ஒரு முறை சில வரிகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நீரியல் துறையினர் அளந்து வைத்திருக்கும் கண்காணிப்புக் கிணறுகள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் நீர் இருக்கிறது, சென்ற ஆண்டு இதே வாரத்தில் எவ்வளவு இருந்தது என்னும் இரண்டு எண்களை மட்டும் அச்சிட்டால் போதும். வாரந்தோறும் அளவு கிடைக்காத இடங்களில் மாதம் ஒரு முறை போட்டாலும் சரி. அதே கிணறுகளைத் தொடர்ந்து வெளியிடுவது முக்கியம். வாரத்துக்கு ஒரு கிணறு என்று மாற்றிக்கொண்டே போனால் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

ஒரு சிக்கல் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அணைக்குரிய எண் கூடினால் நீர் ஏறியது என்று பொருள். கிணற்றுக்குரிய எண் கூடினால் நீர் இறங்கியது என்று பொருள். முதல் சில மாதங்களுக்காவது அதை அடிக்குறிப்பாகச் சேர்த்து அச்சிட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்