காமெடிக் காட்சி எழுதுகிறவர்களுக்கு, குமரியிலிருந்து ஓர் அக்கா

தமிழ்ப் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சி எழுதுகிறவர்களுக்கும், அதை எடுக்கிற இயக்குநர்களுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு 31 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன். மார்த்தாண்டத்தில் மாமாவின் வாழைக்குலைக் கடையில் வேலை பார்க்கிறான். கணக்கு வராது, மணி பார்க்கத் தெரியாது. ஆனால் ஏத்தன், செந்துளுவன், மட்டி என்று வண்டியில் வந்து இறங்கும் குலைகளைத் தடவிப் பார்த்தே, எது நாளைக்குப் பழுக்கும், எது ஞாயிற்றுக்கிழமை வரை கிடக்கும் என்று பிரித்து அடுக்கிவிடுவான். மாமாவே அவனிடம் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்.

போன மாதம் அவனோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் நாலைந்து பள்ளிக்கூடப் பையன்கள். ஒரு படத்தில் வரும் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி இவனைக் கூப்பிட்டார்கள். நாக்கைத் துருத்தி, வார்த்தையை இழுத்து, அந்த வசனத்தை அப்படியே சொன்னார்கள். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். தம்பியும் சேர்ந்து சிரித்தான். நாலு பேர் சிரித்தால் தானும் சிரிக்க வேண்டும், அப்போதுதான் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவன் பழகியிருக்கிறான். இறங்கி நடக்கும்போதுதான் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, எனக்க பேரு அது இல்லல்லா?"

அன்றைக்கு ராத்திரி அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். தொளதொள சட்டை, கோணிய வாய், வழியும் எச்சில். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவன் மண்டையில் தட்டுகிறான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சத்தம். அவன் வேடிக்கையாக எதையும் செய்யவில்லை. புரியாமல் நிற்கிறான், அவ்வளவுதான். அவனுக்கு என்ன பிடிக்கும், எது வலிக்கும் என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்று. மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல. முன்னது எந்த வயதிலும் யாருக்கும் வரலாம், சிகிச்சை உண்டு. பின்னது பிறப்பிலோ வளரும் பருவத்திலோ தொடங்குவது, புரிந்துகொள்வதும் கற்பதும் மெதுவாக நடக்கும். உங்கள் வசனத்தில் இரண்டுக்கும் 'லூசு', 'மெண்டல்'தான்.

சட்டம் இதைப் பேசாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் காட்சிகளைத் தேவையில்லாமல் காட்டக்கூடாது என்று திரைப்படத் தணிக்கைக்கான 1991 நெறிமுறைகளிலேயே இருக்கிறது. 'தேவையில்லாமல்' என்ற அந்த ஒரு சொல் வழியாகத்தான் எல்லாம் தப்பி வந்துவிடுகிறது என்பது என் எண்ணம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதே மாதிரி ஒரு பட வழக்கில், குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அந்த மனிதர்களைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது.

அந்த வித்தியாசத்தை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். குலை சின்னது, குலை சின்னது என்று தினமும் விலையைக் குறைக்கும் வியாபாரி ஒருவர். ஒருநாள் தம்பி அவர் கையையும் குலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, குலை சின்னது இல்ல, உங்க கை பெருசு." கடையே சிரித்தது. அந்த வியாபாரிதான் அதிகமாகச் சிரித்தார். அன்றைக்கு முழுக்க அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நாங்கள் கலைவாணர் பிறந்த மாவட்டத்துக்காரர்கள். சிரிக்கத் தெரியாதவர்கள் இல்லை. என் தம்பியைப் போன்றவர்களைப் படத்தில் காட்டவே வேண்டாம் என்றும் நான் கேட்கவில்லை. காட்டுங்கள். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வேலை, ஒரு கோபம், அவனாகச் சொல்லும் ஒரு ஜோக் கொடுங்கள். எழுதியதும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் ஒரு வீட்டிலோ சிறப்புப் பள்ளியிலோ உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் அவர்களையே நடிக்க வையுங்கள்.

அப்புறம், பழைய காட்சிகள். பஸ்ஸில் அந்தப் பையன்கள் சொன்ன வசனம், அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்த படத்தினுடையது. தியேட்டரை விட்டுப் போன பிறகும் காமெடித் தொகுப்பு என்று மொபைலில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் உரிமை உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அந்தத் துண்டுகளை எடுத்துவிடுங்கள். வேறு யாரிடமாவது இருந்தால், எழுதியவர், எடுத்தவர் என்ற முறையில் நீங்களே அவர்களிடம் கேளுங்கள். நான் கேட்டால் நடக்காது.

அன்புடன்,
ஓர் அக்கா,
கன்னியாகுமரி மாவட்டம்