வெட்டிய முன்தோலை வீசிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முன்தோல் இறுக்கத்துக்காகப் பெரியவர்களுக்குச் சுன்னத் செய்யும்போது, "வெறும் தோல்தானே" என்று அதை வீசிவிடக் கூடாது. பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். ஆண்குறிப் புற்றுநோய் பெரும்பாலும் மொட்டிலும் முன்தோலின் உட்புறத்திலும்தான் தொடங்குகிறது. தோல் பின்னுக்குப் போகாதவருக்கு அங்கே புண் இருப்பதே தெரியாது.

அகன்ற வாயுள்ள டப்பாவில், திசுவைப் போல 10 மடங்கு 10 சதவீத ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றி அனுப்ப வேண்டும். சலைனில் (உப்புநீரில்) போட்டால் வழியிலேயே செல்கள் சிதையத் தொடங்கும். பிறகு யார் பார்த்தாலும் பயனில்லை.

மரு போல வளரும் கட்டியில்தான் தவறு அதிகம் நேரும். மரு போலத் தோன்றும் புற்றுநோயான வெருக்கஸ் கார்சினோமாவின் மேற்பரப்புச் செல்கள் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். அடிப்பகுதி அகலமாக அழுத்திக்கொண்டு இறங்குவதை வைத்துத்தான் அதை அடையாளம் காண முடியும். மேலாகக் கிள்ளியெடுத்த துணுக்கில் 'புற்றுநோய் இல்லை' என்று வந்தால், அந்தத் துணுக்கில் இல்லை என்பதே பொருள். கட்டியின் அடியும் விளிம்பும் சேர்ந்து வரும்படி ஆழமாக எடுக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் வரும் அறிக்கையில் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' (தட்டைச் செல் புற்றுநோய்) என்ற ஒற்றை வரி போதவே போதாது. ஆண்குறிப் புற்றுநோயாளிகளில் 100-க்குச் சுமார் 95 பேருக்கு அதுதான். ஹெச்பிவி வைரஸ் சார்ந்ததா, சாராததா என்று 2022-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு பிரிக்கிறது. திசுவில் பி16 என்ற புரதத்தைத் தேடும் சோதனை அதற்கு உதவும். அதைவிட முக்கியம், கட்டி எதுவரை இறங்கியது என்பது. தோலுக்கடியில் உள்ள திசுவோடு நின்றதா, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்த பஞ்சுத் திசுவுக்குள் போனதா, விறைப்புத் திசுவையே தொட்டதா? கட்டி மேலோட்டமாக இருந்தாலும் தரம் 3 (செல்கள் இயல்பிலிருந்து மிகவும் மாறிய நிலை) ஆக இருந்தாலோ, நிணநீர், ரத்த நாளங்களுக்குள் அல்லது நரம்பைச் சுற்றிப் புற்றுச் செல்கள் தென்பட்டாலோ, அது டி1பி என்ற, பரவும் அபாயம் கூடிய கட்டம். அப்போது தொடையிடுக்கு நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) அறுவை முறையில் சோதிக்க வேண்டும். கைக்குத் தட்டுப்படவில்லை என்று விட முடியாது. தட்டுப்படாதவர்களிலும் நான்கில் ஒருவர் வரை நெறியில் நுண்ணிய பரவல் இருக்கலாம். நோயாளி பிழைப்பது பெரிதும் இந்த நெறிகளைப் பொறுத்தது.

இவை அறிக்கையில் விடுபட்டிருந்தால் கேட்கத் தயங்க வேண்டாம். திசு பதித்த மெழுகுக் கட்டிகளும் ஸ்லைடுகளும் ஆய்வகத்தில் இருக்கும். அவற்றை வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் மருத்துவர்கள் சிலர்