கொட்டேஷனில் முழுப் பெயரை எழுதுங்கள்: கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கும், அங்கிருந்து சரக்கு எடுத்து ஆரணியிலும் கோவில்பட்டியிலும் தொழில் நடத்துபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். கொட்டேஷன் சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

என் அக்கா மகன் கல்லூரி மாணவன். கேம் விளையாடும் கணினியை மேம்படுத்த 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். ஒரு கடையில் அவனுக்குக் கிடைத்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், 500 வாட் எஸ்எம்பிஎஸ்." (எஸ்எம்பிஎஸ் என்பது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி.) பழைய கணினியைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

எந்த ஐ7? ஐ7, ஐ3 எல்லாம் இன்டெல் பிராசஸர் வரிசைகளின் பெயர்கள்தான். 2011-இல் வந்த ஐ7 2600-ம் ஐ7தான். 2022-இல் வந்த ஐ3 12100 அதைவிட எவ்வளவோ மேல். 2600-இல் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவும் இல்லை. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. எந்த 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு? ஜிடி 730-இலும் 4 ஜிபி உண்டு, ஜிடிஎக்ஸ் 1650-இலும் உண்டு. ஆனால் டிடிஆர்3 என்ற பழைய வகை நினைவகத்தை 64 பிட் பாதையில் போட்ட 730-இன் நினைவக வேகம் நொடிக்கு 14.4 ஜிபி, 1650-க்குக் குறைந்தது 128 ஜிபி. கேமில் இந்த வித்தியாசம் அப்படியே தெரியும். வெறும் "3050" என்று எழுதினாலும் போதாது. ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 6 ஜிபி கார்டில் 2304. அதற்காக 6 ஜிபி கார்டு மட்டம் என்று சொல்ல மாட்டேன். 70 வாட்டில் ஓடுகிறது, தனி பவர் கேபிள் இல்லாமலே கிடைக்கிறது. சுமாரான எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவருக்கு அதுவே நல்லது. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெட்டியின் மேல் 500 வாட் என்று பெரிதாக இருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 18 ஆம்பியர் என்று இருந்தால், பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் நம்பியிருக்கும் அந்த லைனில் கிடைப்பது 216 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றுக்கே 170 வாட் வேண்டும். கேம் நடுவில் கணினி அணைந்தால் பையன் கார்டைத்தான் குறை சொல்வான். சீட்டில் வாட்டோடு அந்த ஆம்பியரையும் எழுதுங்கள்.

என் அக்கா மகனிடம் இருந்தது பி450 மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி பிராசஸர், ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4 ரேம். அதைக் கழிக்கவே வேண்டியதில்லை. பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டால் அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். இன்னொரு 8 ஜிபி ரேமை ஜோடியாகப் போட்டால் டூயல் சேனல் கிடைக்கும், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்யும். ரேம் விலை இப்படி ஏறிய பிறகு, இருக்கும் டிடிஆர்4-ஐத் தூக்கிப் போடச் சொல்ல யாருக்கும் மனம் வரக்கூடாது. மிச்சப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு. 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் கார்டு கட்டாயம். விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை மட்டும் இந்தப் போர்டுக்குத் தராதீர்கள். அது நான்கு பிசிஐஇ லேன்களில் (கார்டும் போர்டும் தகவல் பரிமாறும் பாதைகள்) மட்டுமே ஓடும் கார்டு. பி450-இல் இருப்பது பழைய தலைமுறை பிசிஐஇ 3.0 என்பதால் வேகம் இன்னும் அடிபடும்.

உங்கள் சிரமம் தெரியாமல் இல்லை. பாகங்களில் லாபம் சொற்பம். ஆன்லைன் விலையைக் காட்டிப் பேரம் பேசுகிறோம். பயாஸ் அப்டேட்டுக்கும், பழைய பாகங்களைச் சோதித்துச் சொல்வதற்கும் கூலி வையுங்கள், பலகையில் எழுதிப் போடுங்கள். நியாயமான கூலி கொடுக்க நாங்கள் தயார். வாங்கும் பொருளின் தரத்தையும் விலையையும் அறிவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குத் தந்திருக்கும் உரிமை. ஆனாலும் சட்டத்தைக் காட்டி வாங்குவதைவிட, நீங்களாகவே எழுதிக் கொடுப்பதைத்தான் விரும்புகிறேன்.

பில் போடும்போது கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி மூன்றின் சீரியல் நம்பரையும் அதில் குறித்துவிடுங்கள், காலிப் பெட்டிகளையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அவற்றைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்